தாது வருஷப் பஞ்சப் படம் ஒன்று: எப்போது எடுத்தது, யார் எடுத்தது, உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?

முதலில் உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். வேலூர் பக்கம் இருந்த தாத்தா வீட்டை ஒழிக்கும்போது, ஆசிரியராக இருந்த அவருடைய பழைய புத்தகம் ஒன்றுக்குள் ஒரு படம் கிடைத்திருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. எலும்பும் தோலுமாக ஆண்கள், பெண்கள், குழந்தைகள். சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் பின்னால் நிற்கிறார்கள். பின்பக்கம் பென்சிலில் 'தாது வருஷம் பஞ்சம் சென்னை' என்று எழுதியிருக்கிறது. மொபைலில் படம் பிடித்துத் தேடினால் அதே படம் பல இடங்களில் வருகிறது, ஆனால் பெரும்பாலும் '1943, வங்காளப் பஞ்சம்' என்று போட்டிருக்கிறார்கள். எது சரி, எடுத்தது யார், உங்களிடம் இருப்பது அசலா என்று மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள்.

தாத்தா வீட்டுப் பென்சில்தான் சரி. இது 1943 வங்காளம் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தின் படம். எடுத்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னை ராணுவ அதிகாரி. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பிரின்ட் அந்தக் காலத்தது இல்லை. பிற்காலத்தில் எடுத்த நகல். நீங்கள் அனுப்பிய முன்பக்க, பின்பக்க ஸ்கேன்களை வைத்தே இதைச் சொல்ல முடிகிறது.

இந்த மூன்று பதிலுக்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை நிரூபிக்க முடியாது. பழைய படங்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். காட்சி கேமராவுக்கு முன்னால் நடந்த தேதி ஒன்று. இந்தக் காகிதத்தில் அது பதிந்த தேதி வேறு. பின்னால் யாரோ எழுதிய தேதி இன்னொன்று. இந்த மூன்றுக்கும் இடையில் அறுபது, எழுபது ஆண்டு இடைவெளிகூட இருக்கலாம். உங்கள் படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கையில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குவோம். என்ன படம் என்று பார்ப்பதற்கு முன்னால் என்ன காகிதம் என்று பார்க்க வேண்டும். முன்பக்க ஸ்கேனைப் பெரிதாக்கினேன். கறுப்பு ஆழமாக இருக்கும் இடங்களில், முக்கியமாக ஓரங்களிலும் கீழ் மூலையிலும், நீலம் கலந்த ஒரு வெள்ளிப் பளபளப்பு தெரிகிறது. நேரில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஜன்னல் பக்கம் நின்று, படத்தை முகத்துக்கு நேரே பிடிக்காமல் சாய்த்துப் பாருங்கள். பழைய ரசம் போட்ட கண்ணாடியைப் போல ஒரு மினுமினுப்பு ஓடும். ஜெலட்டின் பூசிய காகிதத்திலுள்ள வெள்ளி, காற்றும் ஈரமும் பட்டு மெல்ல மேல்பக்கம் வந்து நிற்பதால் வரும் மினுமினுப்பு அது. அந்த வகைக் காகிதம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். இருபதாம் நூற்றாண்டுக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. உங்கள் பெற்றோரின் கல்யாணப் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தால் அதையும் இதே மாதிரி சாய்த்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

1877இல் சென்னையில் போட்ட பிரின்ட் வேறு மாதிரி இருக்கும். அது அல்புமென் பிரின்ட். முட்டையின் வெள்ளைக்கருவில் உப்புக் கலந்து மெல்லிய காகிதத்தில் பூசிக் காயவைத்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டு எடுப்பார்கள். பிறகு கண்ணாடி நெகட்டிவை அதன்மேல் ஒட்டினாற்போல் வைத்து வெயிலில் காட்டுவார்கள். படம் வெயிலிலேயே மெல்ல எழும்பி வரும். நெகட்டிவ் எவ்வளவு பெரியதோ பிரின்டும் அவ்வளவுதான், பெரிதாக்குவதெல்லாம் இல்லை. நிறம் கறுப்பாக இருக்காது. பழுப்பு, அல்லது கருஞ்சிவப்பு கலந்த காப்பிக்கொட்டை நிறம். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் தட்டியிருக்கும். காகிதம் மிக மெல்லியது, தனியாக விட்டால் சுருண்டுகொள்ளும். அதனால் கட்டாயம் ஒரு தடித்த அட்டையில் ஒட்டியிருப்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காகிதத்தின் நாரும், மேலே நுண்ணிய வெடிப்பும் தெரியும். உங்களுடையதில் இது எதுவுமே இல்லை. காகிதம் தானே கெட்டியாக நிற்கிறது, நிறம் சுத்தமான கறுப்பு வெள்ளை.

நகல் என்பதற்கு இன்னொரு சாட்சி படத்துக்குள்ளேயே இருக்கிறது. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கருங்கோடு ஓடுகிறது பாருங்கள். முதலில் அதைச் சுவரின் விளிம்பு என்று நினைத்தேன். பெரிதாக்கினால் அது மனிதர்களுக்குப் பின்னால் இல்லை. ஒருவருடைய தோளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. அட்டையில் ஒட்டிய ஒரு பழைய பிரின்டின் விளிம்பு சற்றே தூக்கிக்கொண்டிருக்க, அதன் நிழல் விழுந்த கோடு அது. யாரோ ஒரு ஆல்பத்தையோ அட்டையையோ கேமராவுக்கு முன்னால் வைத்து மறுபடியும் படம் எடுத்திருக்கிறார்கள். முகங்களில் வெளிச்சம் பட்ட பகுதிகள் விவரம் இல்லாமல் வெளுத்துப்போனதும் அதனால்தான். நகலை நகலெடுக்கும்போது முதலில் தொலைவது அந்த நுண்ணிய சாம்பல் நிறங்கள்.

இன்னொன்றும் நல்ல செய்தி. பூதக்கண்ணாடியில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ வெட்டிய அச்சுப் படம் என்று முடிவு கட்டலாம். உங்கள் ஸ்கேனில் புள்ளிகள் இல்லை. அச்சிட்ட பக்கத்தைப் படம் எடுத்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் நகலில் வந்து உட்கார்ந்திருக்கும், அதுவும் இல்லை. அப்படியென்றால் நகலெடுத்தவருக்கு முன்னால் ஓர் உண்மையான பழைய பிரின்ட் இருந்தது. உங்கள் மாவட்டத்துப் பக்கத்திலோ சென்னையிலோ ஒரு காலத்தில் யாரிடமோ ஒரு அல்புமென் பிரின்ட் இருந்திருக்கிறது. எனக்கு உங்கள் படத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இப்போது பின்பக்கம். பென்சில் எழுத்தில் நான் நின்று பார்த்தது 'சென்னை' என்ற சொல்லின் கடைசி எழுத்தை. அந்த 'னை'யில் இன்று நாம் போடும் இரட்டைச் சுழி இல்லை. எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு ஏறியிருக்கிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் அப்படித்தான் எழுதினோம். அதற்கு முன் பள்ளியில் எழுதப் பழகியவர்கள் பலர் கடைசி வரை அந்தக் கையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆக, எழுதியவர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். தாத்தாவாகவே இருக்கலாம், அவருடைய பழைய கடிதம், கணக்கு நோட்டு ஏதாவது கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'வருஷம்' என்று அவர் எழுதும் 'ஷ' எப்படி இருக்கிறது என்று முக்கியமாகப் பாருங்கள், கிரந்த எழுத்தில் ஆளுக்கு ஒரு கை தனியாகத் தெரியும்.

'தாது' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறுபது வருஷச் சுற்றில் அது பத்தாவது. 1876 சித்திரையில் பிறந்தது தாது வருஷம். அதே பெயர் 1936இலும் 1996இலும் மறுபடி வந்தது. 1943 சித்திரையில் பிறந்ததோ சுபானு வருஷம். ஆகவே தாது என்று எழுதிய கை வங்காளப் பஞ்சத்தை மனதில் வைத்து எழுதியிருக்க வழியே இல்லை. தமிழ்நாட்டில் அந்தப் பஞ்சத்துக்குப் பெயரே 'தாது வருஷப் பஞ்சம்' என்றுதான். எங்கள் வீட்டிலும் பாட்டி, யாராவது சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் "தாது வருஷத்துலேர்ந்து வந்தவனாட்டம்" என்பார். அவர் பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்னால் நடந்த பஞ்சம், ஆனாலும் வாயில் தங்கிவிட்டது. பஞ்சக் கும்மிகள் என்று பாட்டாகவும் அச்சாகித் தமிழில் இருக்கின்றன.

ஆனால் பின்பக்க எழுத்தை மட்டும் நம்பி முன்பக்கத்துக்குத் தேதி போடக் கூடாது. எழுதியவர் கேள்விப்பட்டதை எழுதியிருக்கலாம், தவறாகவும் இருந்திருக்கலாம். படத்துக்கு உள்ளேயிருந்து ஆதாரம் வேண்டும்.

உள்ளே பாருங்கள். முன்வரிசையில் மடியில் இருக்கும் குழந்தையின் கை மட்டும் மங்கியிருக்கிறது. சுற்றியிருக்கும் பெரியவர்கள் எல்லாரும் கத்தி போலத் தெளிவாக இருக்கிறார்கள். கேமரா சில விநாடிகள் திறந்திருந்தது என்று அர்த்தம். பெரியவர்களை 'அசையாதே' என்று சொல்லி நிறுத்திவைக்கலாம், குழந்தையை முடியாது. வானம் தெரியும் இடம் ஒரு மேகம்கூட இல்லாமல் வெள்ளைத்தாளாக இருக்கிறது. அந்தக் காலத்துக் கொலோடியன் கண்ணாடித் தகட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். அதனால் வானம் வெளுத்துப்போகும், செம்மையும் பழுப்பும் கண்ணால் பார்ப்பதைவிடக் கறுத்து விழும். அந்த மனிதர்களின் தோல் அவ்வளவு கறுப்பாகத் தெரிவதில் பாதி அந்தத் தகட்டின் வேலை.

கொலோடியன் முறை எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால் இந்தப் படத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். படம் எடுப்பவர் அந்த இடத்திலேயே ஒரு இருட்டுக் கூடாரம் போட வேண்டும். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, காய்வதற்குள் ஓடிப்போய்க் கழுவி எடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிஷம். நம் ஊர் வெயிலில் அதைவிடக் குறைவு. தகடுகள், மருந்துப் புட்டிகள், முக்காலி, கூடாரம் என்று ஒரு வண்டிச் சாமான், கூட ஆட்கள். அப்புறம் தண்ணீர். ஒவ்வொரு தகட்டையும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் ஆக வேண்டும். மழை பொய்த்து வந்த பஞ்சம் அது. அந்தப் பஞ்சத்தின் படத்தைத் தண்ணீர் இல்லாமல் எடுக்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் கேமராவைப் பார்க்கிறார்களா, அதற்குப் பக்கத்தில் வேறு எதையாவது பார்க்கிறார்களா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

1943க்கு வந்தால் நிலைமையே வேறு. அப்போது கையில் பிடித்து நொடியில் எடுக்கும் ஃபிலிம் கேமராக்கள் வந்துவிட்டன. 1943 ஆகஸ்ட் 22 அன்று 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் கல்கத்தாத் தெருக்களில் பட்டினியால் விழுந்து கிடந்தவர்களின் படங்களைத் துணிந்து வெளியிட்டார்; உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். கம்யூனிஸ்டு கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' இதழுக்காக சுனில் ஜானா வங்காளமெங்கும் சுற்றி எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பாருங்கள். நடைபாதை இருக்கும், கடந்துபோகிறவர்கள் இருப்பார்கள், நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் நடுவில் கேமரா நுழைந்தது தெரியும். உங்கள் படத்தில் அப்படி எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. ஒருவர் வந்து ஆட்களை வரிசைப்படுத்தி, உயரம் பார்த்து, சிறியவர்களை முன்னால் உட்காரவைத்திருக்கிறார். பள்ளிக்கூட வகுப்புப் படம் எடுப்பதுபோல.

இவ்வளவும் 'பழைய படம்' என்று காட்டும், அவ்வளவுதான். முடிவாகச் சொல்லவைப்பது ஒப்பீடு. இந்தப் பஞ்சத்தின் படங்கள் லண்டனில் வெல்கம் சேகரிப்பு என்ற அருங்காட்சியக நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் ஸ்கேனை அந்த வரிசையோடு வைத்து ஆள் ஆளாக ஒப்பிட்டேன். அதே ஆட்கள், அதே இடம், அதே மங்கிய கை. 1876–78 பஞ்சம் என்ற குறிப்போடு ஒரு அல்புமென் பிரின்ட் இருக்கும்போது, அதே காட்சி 1943இல் எடுத்ததாக இருக்க முடியாது. பின்னால் வந்த படத்தை முன்னால் பிரின்ட் போட முடியாதே.

இதே மாதிரி இன்னொரு பூட்டும் உண்டு. அன்றைய செய்தித்தாள்களால் போட்டோவை நேரடியாக அச்சடிக்க முடியாது. மரக்கட்டையில் ஆள் வைத்துச் செதுக்கி அச்சடிப்பார்கள். பெங்களூரில் நிவாரணத்துக்குக் காத்திருக்கும் மக்களின் செதுக்குப் படம் 1877 அக்டோபர் 20 தேதியிட்ட 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் வந்தது. அதே மாதம் 'தி கிராஃபிக்' இதழிலும் பெல்லாரி மாவட்டத்து நிலைமையைக் காட்டும் செதுக்குப் படம் வந்தது. ஒரு போட்டோவிலிருந்து செதுக்கியது என்று உறுதியானால், அந்த இதழின் தேதிக்கு முன்னால் அந்தப் போட்டோ எடுத்தாகிவிட்டது. தேதி இல்லாத படத்துக்கு இதைவிடக் கெட்டியான கடைசி வரம்பு கிடைப்பது அபூர்வம். மற்ற பழைய படங்களைத் தேடும்போதும் இந்த வழியை மறக்க வேண்டாம்.

தவறு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். யாரோ திட்டமிட்டுச் செய்தது என்று நான் நினைக்கவில்லை. 1943ஐப் பற்றியும் சர்ச்சிலைப் பற்றியும் எழுதுகிறவர்களுக்கு மனதை உலுக்கும் ஒரு படம் தேவை. தேடினால் 'இந்தியப் பஞ்சம்' என்று இந்தப் படங்கள் முதலில் வருகின்றன. எடுத்துப் போடும்போது கீழே இருந்த குறிப்பு கழன்றுவிடுகிறது. அடுத்தவர் அந்தக் கட்டுரையிலிருந்து எடுக்கிறார். இப்போது கட்டுரையின் தலைப்பே படத்தின் குறிப்பாகிவிடுகிறது. பத்து இடத்தில் ஒரே தவறு இருந்தால் அது பத்து சாட்சி என்று நினைத்துவிடுகிறோம். ஒரே வாய் பத்து முறை பேசியது அது.

எனக்கு இதில் கோபம் வருவது தேதிக்காக மட்டும் இல்லை. வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் செத்தார்கள், அதற்கு அதன் சொந்தப் படங்கள் இருக்கின்றன. 1876–78இல் செத்தவர்களை 55 லட்சத்திலிருந்து 96 லட்சம் வரை ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்; சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் என்று தெற்கிலும் மேற்கிலும் கிடந்த நிலம் முழுக்க. அதே நேரத்தில், 1877 ஜனவரி 1 அன்று, வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் விக்டோரியாவுக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டி தர்பார் நடத்தினார். நிவாரண வேலைக்குப் போகும் ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் (கிட்டத்தட்ட அரைக் கிலோ) தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்சத்தைக் கவனிக்க லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், ஒன்றரை ராத்தலாவது வேண்டும், காய்கறி பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். இந்த வரலாற்றுக்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் முகங்கள் இந்தச் சில படங்களில் இருப்பவைதான். அந்த முகங்களையும் எடுத்து வேறு பஞ்சத்துக்குக் கொடுத்துவிட்டால் தாது வருஷத்துக்கு முகமே இல்லாமல் போய்விடும்.

சரி, எடுத்தவர். ஹூப்பர் 1837இல் லண்டனில் பிறந்து, 1858இல் சென்னை ராணுவத்தின் 7ஆவது குதிரைப்படையில் சேர்ந்தவர். இந்தியச் சாதிகளையும் குடிகளையும் வகைப்படுத்தி எட்டுத் தொகுதிகளாக பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'வுக்குப் படங்கள் கொடுத்திருக்கிறார். ஜார்ஜ் வெஸ்டர்ன் என்ற இன்னொரு அதிகாரியோடு சேர்ந்து புலி வேட்டைப் படவரிசை ஒன்றைத் தயாரித்தார். வேட்டையின் ஒவ்வொரு கட்டத்தையும் நாடகம்போல அமைத்து எடுத்தது. ஆட்களை நிறுத்திக் காட்சியாக்குவதில் தேர்ந்த கை என்பது அதிலேயே தெரியும். பின்னால் 1886 ஜனவரியில், மாண்டலேயில் ராணுவக் காவல் தலைவராக இருந்தபோது, சுட்டுக் கொல்லப்பட நிறுத்திவைத்த பர்மியக் கைதிகளைக் குண்டு பாயும் கணத்தில் படம் பிடிக்க முயன்றார் என்று 'டைம்ஸ்' பத்திரிகையில் செய்தி வந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை போய், விசாரணை நடந்து, கண்டனத்தோடு முடிந்தது. 1912இல் இறந்தார்.

பஞ்சப் படங்களுக்கு அவர் வரிசையில் வரும் ஆங்கிலத் தலைப்புகளைத் தமிழில் சொன்னால், ஒன்று 'கைவிடப்பட்டவர்கள்', இன்னொன்று 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியான ஜீவன்கள்'. இந்த இரண்டாவது தலைப்பில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'இலவச நிவாரணம்' என்பது அன்றைய அரசாங்கக் கணக்குப் புத்தகத்துச் சொல். உடம்பில் தெம்பு இருப்பவர்களை மண் சுமக்கவும் கால்வாய் வெட்டவும் அனுப்பினார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படித்தான் வெட்டப்பட்டது. மண்வெட்டியைத் தூக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் முகாமில் இலவசச் சோறு. அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் பரீட்சையில் தேறியவர்கள். ஒரு தலைப்பை அதன் காலத்து அலுவலகச் சொற்களோடு சேர்த்துப் படித்தால் படம் எந்த மாதிரி இடத்தில் எடுத்தது என்று தெரிகிறது: தெருவில் இல்லை, நிவாரண முகாமில். ஆனால் அந்தச் சொல் பிறகு வந்த பஞ்சச் சட்டங்களிலும் தொடர்ந்தது, அதனால் சொல்லை மட்டும் வைத்து ஆண்டு போட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெல்கம் சேகரிப்பின் குறிப்புகளில் பல படங்களுக்கு 'ஹூப்பர் எடுத்தது' என்று இருக்காது. 'ஹூப்பர் எடுத்ததாகக் கருதப்படுவது' என்று இருக்கும். அந்த ஒரு சொல்லைப் பகிர்கிறவர்கள் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள். நெகட்டிவில் எடுத்தவர் பெயர் கீறியிருந்தால் அது ஒரு பலம். அன்றைய ஆல்பத்தில் கையால் எழுதியிருந்தால் அதற்கு அடுத்த பலம். 'அந்தக் காலத்தில் அங்கே பஞ்சப் படம் எடுத்தவர் அவர்தானே' என்ற ஊகம் கடைசி. சென்னையில் அப்போது நிக்கலஸ் கம்பெனி போன்ற ஸ்டூடியோக்கள் நன்றாக நடந்துகொண்டிருந்தன, ஆகவே கேமரா ஹூப்பர் ஒருவரிடம் மட்டும் இருந்ததில்லை. உங்கள் பிரின்டைப் பற்றி யாராவது கேட்டால் நீங்களும் 'ஹூப்பர் எடுத்ததாகக் கருதப்படுவது' என்றே சொல்லுங்கள்.

ஊர் விஷயத்திலும் அப்படித்தான். 'மெட்ராஸ் பஞ்சம்' என்ற பொதுப் பெயரின் கீழ் பெங்களூரில் எடுத்தவையும் சேர்ந்து கிடக்கின்றன. மைசூர் அப்போது பிரிட்டிஷ் கமிஷனரின் கையில் இருந்தது, 1881இல்தான் மகாராஜாவிடம் திரும்பியது. பின்பக்கம் 'சென்னை' என்று எழுதியது ஊரையா, மாகாணத்தையா? அந்தத் தலைமுறை இரண்டுக்கும் அதே சொல்லைத்தான் சொல்லும். நான் அதை மாகாணம் என்றே எடுத்துக்கொள்வேன்.

இனி உங்கள் பங்கு. வெளிநாட்டுக் காப்பகங்கள் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது: நகல் எப்படி வேலூர்ப் பக்கம் வந்தது என்பது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். முதல் சாட்சி அந்தப் புத்தகம். படம் இருந்த இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள். நாள்பட்ட காகிதம் அமிலம் கசிந்து, எதிரே இருக்கும் பக்கத்தில் அதே அளவில் ஒரு பழுப்புச் சதுரத்தை விட்டுவைத்திருக்கும். ஆழமாக இருந்தால் படம் பல பத்தாண்டுகள் அதே இடத்தில் இருந்திருக்கிறது. சதுரம் இல்லாவிட்டால் பின்னால் யாரோ செருகியது. புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு, முன்பக்கம் யார் பெயர், எந்தப் பள்ளியின் முத்திரை, ஏதாவது பரிசுச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா எந்தெந்தப் பள்ளிகளில் வேலை பார்த்தார் என்பதையும் வரிசையாக எழுதுங்கள். பாடம் நடத்தக் காட்டுவதற்காக ஓர் ஆசிரியர் ஊர் ஸ்டூடியோவில் கொடுத்து நகல் எடுத்திருக்கலாம் என்பது என் யூகம். அப்படியென்றால் மூலப் பிரின்ட் ஒரு பள்ளியிலோ, மிஷன் பங்களாவிலோ, பெரிய வீட்டு ஆல்பத்திலோ இருந்திருக்க வேண்டும். தாத்தாவிடம் படித்தவர்கள் இருந்தால் ஒருவரையாவது போய்ப் பாருங்கள். 'சார் ஒரு பஞ்சப் படம் காட்டுவாரா?' என்று மட்டும் கேளுங்கள். படத்தை முதலிலேயே நீட்டிவிடாதீர்கள், நீட்டினால் எல்லாருக்கும் நினைவு வந்துவிடும்.

காகித ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1876–78 பஞ்சத்தின் வருவாய்த் துறைக் கோப்புகளை அங்கே கேட்கலாம். வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய பஞ்ச நிவாரண வரலாறும் உதவும். டிக்பி 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர், நிவாரண நிதிக் குழுவின் செயலாளரும் அவரே. எந்த முகாம் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள அது நல்ல துணை. தமிழ் அச்சு நூல்கள், கும்மிகளுக்கு தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பாருங்கள்.

படத்தைத் துணியால் துடைக்க வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் 1200 டிபிஐயில் ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டு, அமிலம் இல்லாத காகித உறைக்குள் வைத்து எடுத்துவையுங்கள். ஸ்கேன் செய்யும்போது ஓரங்களை வெட்டாதீர்கள், அந்தக் கருங்கோடு உள்ளே இருக்க வேண்டும். யாருக்கு அனுப்பினாலும் பின்பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். நீங்களாக ஏதாவது எழுதிவைக்க விரும்பினால் உறையின்மேல் எழுதுங்கள், படத்தின்மேல் எழுதாதீர்கள்.

அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கட்டோடு போட்டுவிடவில்லையே? இன்னும் கையில் இருந்தால், படம் இருந்த இரண்டு பக்கங்களையும் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பழுப்புச் சதுரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.